தங்கம் உச்சத்தில் இருந்தபோது ஏறிய கடன்

தங்கத்தின் விலை ஏறினால் தங்கச் சுரங்க நிறுவனங்கள் செழிக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் 2011 செப்டம்பரில் ஓர் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்ட அந்தக் காலத்தில்தான், அப்போது உலகின் மிகப் பெரிய தங்க உற்பத்தியாளராக இருந்த கனடாவின் பேரிக் கோல்ட், பின்னர் பல ஆண்டுகள் சுமக்க நேர்ந்த கடனைத் தன்மீது ஏற்றிக்கொண்டது.

[திரையில்: சாம்பியா வரைபடம், லும்வானா சுரங்கம்]

2011 ஏப்ரலில் ஈக்வினாக்ஸ் மினரல்ஸ் என்ற செம்புச் சுரங்க நிறுவனத்தை வாங்க, மின்மெட்டல்ஸ் ரிசோர்சஸ் என்ற மற்றொரு சுரங்க நிறுவனம் முன்வந்திருந்த நிலையில், பேரிக் அதைவிடக் கூடுதலாக, சுமார் 730 கோடி கனடிய டாலரை ரொக்கமாகவே தருவதாக அறிவித்தது. போட்டி நிறுவனம் விலகிக்கொண்டது. வாங்கப்பட்ட முதன்மைச் சொத்தோ சாம்பியாவின் லும்வானா செம்புச் சுரங்கம். தங்கத்தை நம்பி பேரிக்கின் பங்குகளை வாங்கியிருந்தவர்களுக்கு இது உவப்பான செய்தியாக இல்லை. அதைவிட முக்கியமானது, அந்த ரொக்கத்தின் பெரும்பகுதி கடனாகத் திரட்டப்பட்டது என்பதே. தங்கத்தின் விலை நாள்தோறும் மாறும். கடன் பத்திரத்துக்குச் செலுத்த வேண்டிய வட்டி மாறாது.

ஒப்பீட்டுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2010இல் கின்ராஸ் என்ற தங்கச் சுரங்க நிறுவனம், அதே துறையைச் சேர்ந்த ரெட் பேக் மைனிங்கைச் சுமார் 710 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவும் விலை மிகுந்த பேரம்தான். ஆனால் பெரும்பாலும் பங்குகளாகவே செலுத்தப்பட்டதால், இழப்பு பங்குதாரர்களைச் சுட்டதே தவிர, கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வரவில்லை.

[திரையில்: ஆண்டிஸ் மலைத்தொடர், சிலி–அர்ஜென்டினா எல்லை]

பேரிக்கின் இரண்டாவது சுமை, சிலி–அர்ஜென்டினா எல்லையில் அமைந்த பாஸ்குவா-லாமா தங்கச் சுரங்கத் திட்டம். தொடக்கத்தில் ஏறத்தாழ 300 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட இந்த மலைச் சுரங்கத்தின் செலவு 850 கோடி வரை உயர்ந்தது. நீர் மாசு குறித்து எழுந்த வழக்குகளாலும் ஒழுங்குமுறை உத்தரவுகளாலும் 2013இல் சிலிப் பகுதியில் பணிகள் நின்றன. அக்டோபரில் நிறுவனமே திட்டத்தை நிறுத்திவைத்தது. அதற்குள் தங்கத்தின் விலை 1,200 டாலருக்குக் கீழே சென்று வந்திருந்தது. கடனோ 1,500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் மட்டும் சுமார் 870 கோடி டாலர் மதிப்பிழப்பாக எழுதப்பட்டது. மதிப்பிழப்பு என்பது அன்று கையைவிட்டுப் போகும் பணம் அல்ல. முன்பே செலவான பணம் திரும்பி வராது என்று கணக்கேட்டில் ஒப்புக்கொள்வது.

ஈக்வினாக்ஸை வாங்கிய தலைமைச் செயல் அதிகாரி ஆரன் ரீஜென்ட் 2012 ஜூனிலேயே நீக்கப்பட்டிருந்தார். ஆனால் ஆளை மாற்றியதால் கடன் குறையவில்லை. 2011இல் 50 டாலருக்கு மேல் விற்ற பங்கை, 2013 நவம்பரில் 18.35 டாலருக்கு வெளியிட்டு 300 கோடி டாலர் திரட்ட வேண்டியிருந்தது. 2015இல் ஆஸ்திரேலியாவின் கவுவல் சுரங்கமும் சிலியின் சால்டிவார் சுரங்கத்தில் பாதியும் விற்கப்பட்டன. உச்ச விலையில் வாங்கியவர் சரிந்த சந்தையில் விற்க நேர்வதுதான், என் மதிப்பீட்டில், கடனின் மிகக் கொடிய விளைவு.

ராண்ட்கோல்ட் என்ற தங்கச் சுரங்க நிறுவனத்துடன் 2019 ஜனவரியில் நிறைவேறிய இணைப்பில் பேரிக் இதற்கு நேர்மாறான முறையைப் பின்பற்றியது: ரொக்கத்துக்குப் பதில் பங்குக்குப் பங்கு, சந்தை விலைக்கு மேல் கூடுதல் தொகை ஏதுமில்லை. லும்வானாவையோ பேரிக் விற்கவில்லை. அதே சுரங்கத்தைச் சுமார் 200 கோடி டாலர் செலவில் பின்னர் விரிவுபடுத்தத் தொடங்கியது. மண்ணில் செம்பு இல்லாமல் போகவில்லை. தவறு அதற்குக் கொடுத்த விலையிலும், அந்த விலையைக் கடனாகத் திரட்டியதிலும் இருந்தது.