பினாங்குப் பயணத்தில் சன்னலோர இருக்கை: எந்தப் பக்கம் அமர்வது?

[காட்சி: கேஎல்ஐஏ (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) புறப்பாட்டுக் கூடம், காலை நேரம்]

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், பலர் இருக்கை எண்ணைப் பற்றி யோசிப்பதே இல்லை. இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஏனெனில் இந்தக் குறுகிய வழியில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலையும் தொடர்ந்து வருகின்றன.

[வரைபடம்: மேற்குக் கரை]

கேஎல்ஐஏ அமைந்துள்ள சிப்பாங்கிலிருந்து விமானம் வடமேற்கு நோக்கிச் செல்வதால், இடப்பக்கம் மலாக்கா நீரிணையும் வலப்பக்கம் தித்திவாங்சா மலைத்தொடரும் அமைகின்றன. வானம் தெளிவாக இருந்தால், இடப்பக்கத்தில் கிள்ளான் கரையோரத் தீவுகளையும், சிக்கிஞ்சான் நெல்வயல்களையும், பின்னர் பங்கோர் தீவையும் காணலாம். வலப்பக்கத்தில் முதலில் தலைநகரின் கோபுரங்களும், பிறகு ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளும், அவற்றுக்கு அப்பால் 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு சிகரமும் தென்படும்.

இதுவரை இரு பக்கமும் சமம் என்றே சொல்லலாம். தரையிறங்கும் வேளைதான் முடிவு செய்கிறது.

[வரைபடம்: பினாங்கு விமான நிலையம் அமைந்துள்ள பாயான் லெப்பாஸ், ஓடுபாதை]

பினாங்கு விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு 04, 22 என இரு முனை எண்கள் உண்டு. இவை திசைமானியின் 40, 220 பாகைகளைக் குறிக்கின்றன. விமானம் காற்றை எதிர்த்தே இறங்க வேண்டியிருப்பதால், எந்த முனையிலிருந்து இறங்கும் என்பதை அன்றைய காற்றே தீர்மானிக்கிறது. தென்மேற்கிலிருந்து கடல் வழியாக வந்தால், 2014இல் திறக்கப்பட்ட, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் வலப்பக்கத்தில் வளைந்து கிடக்கும். வடகிழக்கிலிருந்து வந்தால், 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலத்தைக் கடந்து இறங்குகையில் ஜார்ஜ் டவுனும் அதன் பின்னால் கொடிமலையும் அதே வலப்பக்கத்தில்தான் இருக்கும். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள், பிள்ளைகளை இந்தப் பக்கச் சன்னலில் அமர்த்தினால், தாங்கள் ஏறப்போகும் மலைச்சாரலை அவர்களுக்கு முன்கூட்டியே காட்டலாம்.

ஆகவே, காற்று எப்படி வீசினாலும் வலக்கோடி இருக்கையே என் தேர்வு. வரிசைக்கு ஆறு இருக்கைகள் கொண்ட விமானங்களில் அது 'எஃப்' எழுத்துடையது. இறக்கைக்கு நேரான வரிசைகளைத் தவிர்த்து, முன்னாலோ நன்கு பின்னாலோ அமருங்கள். கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து செல்லும் ஏடிஆர் வகைச் சுழல்விசிறி விமானங்களில் இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் கீழ்நோக்கிய காட்சி மறையாது.

அதிகாலையில் வலப்பக்கம் வெயில் நேராகக் கண்ணில் படும். பிற்பகலில் மலைகள்மீது மேகம் திரண்டுவிடும். பத்து மணியை ஒட்டிய பயணம், சூரியன் ஓரளவு உயர்ந்தும் மேகம் வளராமலும் இருக்கும் வேளையில் அமைகிறது.

[காட்சி: பினாங்கிலிருந்து புறப்படும் விமானம்]

திரும்பி வரும்போது திசை மாறுவதால் எழுத்தும் மாறுகிறது. அப்போது இடக்கோடியிலுள்ள 'ஏ' இருக்கையைக் கேளுங்கள். வடகிழக்கே மேலெழுந்தால் ஜார்ஜ் டவுனும், தென்மேற்கே மேலெழுந்தால் இரண்டாவது பாலமும் அந்தச் சன்னலுக்கே வருகின்றன.