எம்மி கிடைக்காத 60 எபிசோடுகள்

எல்லோருக்கும் வணக்கம். தொலைக்காட்சி நாடகம் எழுதித் தயாரித்த ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். டேவிட் சைமனை எடுத்துக்கொண்டேன். நாடகம் எழுதவேண்டும் என்று கிளம்பி வந்த ஆள் இல்லை அவர்.

1982 முதல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வரும் 'பால்டிமோர் சன்' நாளிதழில் போலீஸ் செய்தி எழுதிய நிருபர். 1988-ல் விடுப்புப் போட்டுவிட்டு, கொலை வழக்குகளை விசாரிக்கும் போலீஸ்காரர்களோடு ஓராண்டு சுற்றினார். அது புத்தகமாகி, 1993-ல் என்பிசி தொலைக்காட்சியில் 'ஹோமிசைட்' தொடரானது. அதற்கு ஓர் எபிசோடு எழுதக் கேட்டபோது, கல்லூரிப் பத்திரிகைக்கால நண்பர் டேவிட் மில்ஸையும் சேர்த்துக்கொண்டார். எழுத்தாளர் சங்க விருது கிடைத்தது. மில்ஸ் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஹாலிவுட் போய்விட்டார். சைமனோ செய்தி அறையிலேயே இருந்தார்! 1995-ல் மனம் கசந்து பத்திரிகையை விட்ட பிறகுதான் தொலைக்காட்சிக்கு முழுசாக வந்தார்.

அப்புறம் 2000-ல் எச்பிஓ சேனலில் அவருடைய 'தி கார்னர்'. ஆறே பாகம், அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி மூன்று. போதைப்பொருள் விற்கும் தெருமுனை ஒன்றில், முன்னாள் போலீஸ்காரர் எட் பர்ன்ஸோடு மாதக்கணக்கில் இருந்து காதில் வாங்கியதுதான் அதன் கதை.

அந்தக் காதுதான் சைமனின் மூலதனம். 2002 முதல் 2008 வரை வந்த அவருடைய 'தி வயர்', பால்டிமோரின் போதைப்பொருள் வியாபாரத்தையும் போலீஸையும் பற்றிய தொடர். அதில் தெருப்பையனும் போலீஸும் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டே போவார்கள். நமக்கு யாரும் அர்த்தம் சொல்வதில்லை. முதல் நாலு எபிசோடு எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஐந்தாவதில் பிடிபட்டபோது, அந்த ஊரில் வீடு எடுத்த மாதிரி இருந்தது. பருவத்துக்குப் பருவம் துறைமுகம், நகராட்சி, பள்ளிக்கூடம், பத்திரிகை என்று கதை புதுப் பக்கம் திரும்பும். எனக்குப் பிடித்தது பள்ளிக்கூடம்தான். இந்தத் தொடரையும் சைமனோடு சேர்ந்து எழுதிய பர்ன்ஸ், போலீஸ் வேலைக்குப் பிறகு வாத்தியாராக இருந்தவர். அது வகுப்பறைக் காட்சிகளில் தெரியும்.

60 எபிசோடு. எம்மிக்கு இரண்டே பரிந்துரை, இரண்டும் எழுத்துக்கு. ஒன்றும் கிடைக்கவில்லை.

மெல்வின் வில்லியம்ஸ் என்று பால்டிமோரில் ஒரு பெரிய போதைப்பொருள் வியாபாரி இருந்தார். 1984-ல் அவரைப் பிடித்த விசாரணையில் இருந்தவர் பர்ன்ஸ். வில்லியம்ஸைப் பற்றிப் பத்திரிகையில் தொடர் எழுதியவர் சைமன். சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கு இந்த இரண்டு பேரும் 'தி வயர்' மூன்றாம் பருவத்தில் ஒரு வேடம் கொடுத்தார்கள்.

என்ன வேடம் தெரியுமா? தேவாலயத்து டீக்கன்.