அமெரிக்கப் புறநகர் வீடுகளுக்கு ஏன் காம்பவுண்ட் சுவர் இல்லை? - சந்தேகமும் விளக்கமும்

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்கிறார்: "அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். புறநகரில் ஒரு வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவர் இல்லை, முன்னால் ஒரே புல்தரை, தெருவெல்லாம் வளைந்து வளைந்து போகிறது. இதெல்லாம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார் பெருகியதால் வந்ததுதானே?"

இல்லைங்க. கார் வருவதற்கு முன்னால், ரயில் காலத்திலேயே வந்துவிட்டது. இன்னும் பின்னால் போனால், சிரிக்காதீர்கள், கதை கல்லறையில் ஆரம்பிக்கிறது.

அந்தக் காலத்தில் பாஸ்டன் மாதிரி ஊர்களில் தேவாலயத்தை ஒட்டியே புதைப்பார்கள். ஊர் பெருகி இடம் நிரம்பியதும் நோய் பரவும் என்ற பயம் வந்தது. ஜேக்கப் பிக்லோ என்ற டாக்டர் முன்னின்று முயற்சி எடுக்க, 1831ல் ஊருக்கு வெளியே கேம்பிரிட்ஜில் மவுண்ட் ஆபர்ன் என்ற கல்லறைத் தோட்டத்தை உருவாக்கினார்கள். குன்று, குளம், மரங்கள், வளைந்த பாதைகள். ஊருக்குள் காலாற நடக்க நல்ல பூங்கா இல்லாததால் ஜனங்கள் குடும்பத்தோடு அங்கே கிளம்பிவிட்டார்கள். பிலடெல்பியாவில் லாரல் ஹில், புரூக்ளினில் கிரீன்வுட் என்று அதே பாணியில் அடுத்தடுத்து வந்தன.

ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் என்ற தோட்டக்கலைப் பத்திரிகை ஆசிரியர் இதைக் கவனித்தார். 1848 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை லாரல் ஹில்லுக்கு மட்டும் கிட்டத்தட்ட 30,000 பேர் வந்திருக்கிறார்கள், கல்லறைக்கே இப்படி என்றால் பூங்கா அமைத்தால் வரமாட்டார்களா என்று எழுதினார். பாவம், 1852ல் ஹட்சன் ஆற்றில் நீராவிக் கப்பல் தீப்பிடித்ததில் 36 வயதிலேயே போய்விட்டார். அவரோடு வேலை பார்த்த கால்வர்ட் வாக்ஸ்தான், ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெடுடன் சேர்ந்து 1858ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் வடிவமைப்புப் போட்டியில் ஜெயித்தார். அந்தப் பூங்காவுக்காக செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பையே காலி செய்தார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள், சொந்த நிலம் வைத்திருந்தவர்களும் உண்டு, சுமார் 225 பேர். பூங்காவைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, காம்பவுண்ட் சுவருக்கு வருவோம். அதே ஓம்ஸ்டெடும் வாக்ஸும் 1868ல் சிகாகோவுக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றங்கரையில் 1,600 ஏக்கரில் ரிவர்சைடு என்ற ஊருக்குத் திட்டம் போட்டார்கள். சிகாகோ முழுக்க நேர்கோட்டுத் தெரு, இங்கே நேர்த்தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேகமாகப் போகும் அவசரம் நகரத்தோடு நிற்கட்டும், இங்கே நிதானமாகப் போகட்டும் என்பதுதான் கணக்கு. சாலையை நிலமட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வாகப் போட்டதால், தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி நடுவில் அறுபடாமல் தெரியும். வீட்டைச் சாலையிலிருந்து 30 அடி தள்ளித்தான் கட்ட வேண்டும், இடையில் ஒன்றிரண்டு மரமாவது வளர்க்க வேண்டும். ஓம்ஸ்டெடின் அறிக்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு: மனிதர்கள் அசிங்கமாக வீடு கட்டினால் நம்மால் தடுக்க முடியாது, ஆனால் சாலையில் போகிறவன் கண்ணில் அதைக் கொண்டுவந்து திணிக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். உயரமான சுவர் எழுப்பும் ஆங்கிலேயப் புறநகர்களைத் தனியார் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வரிசை என்று கிண்டலும் செய்கிறார்.

ஆற்றங்கரையும் திடல்களும் எல்லோருக்கும் பொது. திட்டத்தின் உயிரே அதில்தான் இருந்தது என்பேன். ஆனால் அந்த "எல்லோரும்" யார்? மனை வாங்கவும் ரயிலுக்குக் கொடுக்கவும் காசு உள்ளவர்கள். ஊரை உருவாக்க நிலம் வாங்கிய கம்பெனியும் நிலைக்கவில்லை: 1871ல் சிகாகோ தீ விபத்து, 1873ல் பொருளாதார நெருக்கடி, திவால்.

போருக்குப் பிறகு 1947ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் கட்ட ஆரம்பித்த லெவிட்டவுன், நீங்கள் சொன்ன கார் காலத்து ஊர். அங்கேயும் வளைந்த தெரு, வேலி போடக் கூடாது, வாராவாரம் புல் வெட்ட வேண்டும் என்ற விதிகள் இருந்தன. அதோடு வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஆரம்ப ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். அதற்குப் பின் வந்த பல புறநகர்கள் வளைவையும் முன்புல்லையும் எடுத்துக்கொண்டன, ஆற்றங்கரையைப் பொதுவில் விடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டன.

அடுத்த முறை சிகாகோ பக்கம் போனால் யூனியன் ஸ்டேஷனில் ரயில் ஏறி ரிவர்சைடில் இறங்கிப் பாருங்கள், தெருவில் இன்னும் கேஸ் விளக்குதான் எரிகிறது. சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.