குளிசை இலவசம், மிச்சச் செலவு?

வணக்கம் உறவுகளே. விசுவமடுவிலிருந்து பேசுகிறேன். எனக்கு ஓசிடி இருக்கிறது என்று போன காணொளியில் சொன்ன நாளிலிருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது: "தம்பி, வைத்தியத்துக்கு எவ்வளவு முடிந்தது?" வெளிநாட்டு உறவுகள் டொலரில் கேட்கிறார்கள், ஊரில் இருப்பவர்கள் பயத்தில் கேட்கிறார்கள். சரி, இன்றைக்குக் கொப்பியை விரித்துவிடுகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓசிடியைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்வார்கள். வேண்டாத எண்ணம் ஒன்று வந்து குடைந்துகொண்டே இருக்கும். அதை அமர்த்த ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரக்கூடியது. "எனக்கும் சுத்தம் முக்கியம், எனக்கும் ஓசிடிதான்" என்று சிரிப்பவர்கள் இந்தக் காணொளியைக் கடைசி வரை பார்க்கவும்.

நான் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். நாள் முழுக்கக் கிறீஸும் எண்ணெயும்தான். அது எனக்கு அழுக்காகவே தெரியவில்லை. வாடிக்கையாளர் நீட்டும் ரூபாய்த் தாள்தான் அழுக்கு. அதை யார் யார் தொட்டார்கள், அதிலிருக்கும் நோயை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடுத்துவிடுவேனோ என்ற எண்ணம். காசைப் பால்மா ரின் ஒன்றில் போடச் சொல்வேன். இரவில் தாள்களைச் சவர்க்கார நீரில் ஊறவைத்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுவேன். ஆயிரம் ரூபாய்த் தாள் உலர்ந்த பிறகு மொடமொடவென்று அப்பளம்போல் இருக்கும். சில தாள்கள் கிழிந்தும் போயின. அதற்குப் பிறகு கை. விரல் மூட்டுகள் வெடித்து, சோற்றில் புளியும் மிளகாயும் பட்டாலே கண்ணில் நீர் வரும்.

ஆகவே முதற் செலவு வைத்தியச் செலவல்ல, நோய்ச் செலவு. சவர்க்காரம் எங்கள் வீட்டில் மாதச் சாமானோடு வாங்கும் பொருளாக இல்லாமல், கடைக்குப் போகும்போதெல்லாம் வாங்கும் பொருளாகிவிட்டது. கிணற்று மோட்டார் ஓடிய ஓட்டத்தில் மின்சாரப் பட்டியல் ஏறியது. கோடையில் கிணறு இறங்கிவிடும், அப்போது பௌசர் தண்ணீருக்கும் காசு. இதையெல்லாவற்றையும் விடப் பெரியது கடையில் போன உழைப்பு. பிரேக் நட்டை இறுக்கினேனா என்று திரும்பத் திரும்ப அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சைக்கிளோடு அன்றைய பகல் முடிந்துவிடும். காத்திருப்பவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இந்த இழப்புக்கு யாரும் பற்றுச்சீட்டுத் தருவதில்லை.

அடுத்தது, நோய் இன்னதென்று தெரியாத காலத்துச் செலவு. சாத்திரியார் செய்வினை என்றார். கழிப்புக் கழித்தோம், நூல் கட்டினோம், அக்காவின் காப்பு அடகுக்குப் போனது. வற்றாப்பளை அம்மனுக்கு அம்மா வைத்த நேர்த்தியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன், அது அவருடைய நிம்மதி. கழிப்புக்காரருக்குக் கொடுத்ததைச் சேர்ப்பேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னியில் ஒருவனுக்கு மனம் சரியில்லை என்றால் உடனே "2009-ஐக் கண்டவன்தானே" என்று முடித்துவிடுவார்கள். கண்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரே பதிலில் எங்கள் ஆட்களின் எத்தனையோ வேறு வருத்தங்கள் மூடுண்டு கிடக்கின்றன.

பொறுங்கள், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று போகிறது.

சரி. தனியாரிடமும் போனோம். பெயர் வேண்டாம். வைத்தியருக்கு ஒரு கட்டணம், இடத்துக்கு ஒரு கட்டணம், வெளியே மருந்துக்கு ஒரு கட்டணம். நான் வாய் திறந்து தாள் கழுவும் கதைக்கு வருவதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். நித்திரைக்கு ஒரு குளிசையோடு வீட்டுக்கு வந்தேன்.

பிறகுதான் அரசாங்க வைத்தியசாலையின் உளநலக் கிளினிக். பார்ப்பதும் இலவசம், குளிசையும் இலவசம். இதைச் சத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசில்லை என்ற பயத்திலேயே வீட்டுக்குள் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். ஓசிடிக்கு முதலில் கொடுப்பவை புளுஒக்செற்றின், சேர்ட்ரலின் போன்றவை. குளோமிப்ரமின் என்ற பழைய மருந்தும் உண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஓசிடிக்கென்றே இருப்பது. எதுவும் புது மருந்தல்ல, விலை உயர்ந்த மருந்துமல்ல.

ஆனால் இந்த நோய்க்கு அளவு கூடுதலாக வேண்டும். மனச்சோர்வுக்குப் புளுஒக்செற்றின் 20 மில்லிகிராம் போதும் என்றால், ஓசிடிக்கு 60 வரை போக வேண்டி வரலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். சுகம் வந்த பிறகும் ஒரு வருடமாவது தொடரச் சொல்வார்கள், திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். நான் சொல்லும் அளவைக் கேட்டு நீங்கள் விழுங்க வேண்டாம், வைத்தியர் சொல்வதுதான் அளவு. நான் சொல்ல வருவது காசைப் பற்றி. வைத்தியசாலையில் குளிசை முடிந்து வெளியே வாங்கத் துண்டு எழுதித் தந்தால், மற்றவர் ஒன்று வாங்கும் இடத்தில் நாங்கள் மூன்று வாங்க வேண்டும். 2022-இல் நாடு டொலரில்லாமல் நின்றபோது மருந்துத் தட்டுப்பாடு எல்லோரையும் தாக்கியது. இப்படி நீண்ட காலம் விழுங்குகிறவர்களுக்கு அந்த அடி மாதா மாதம் விழுந்தது.

கிளினிக்குக்குப் போக பஸ் காசு பெரிதல்ல. அந்த நாள்தான் விலை. காலையில் பரந்தன் வீதிக்கு வந்து பஸ் பிடித்து, இலக்கம் எடுத்து, மருந்து வாங்கித் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். கடை பூட்டு. அருவி வெட்டுக் காலத்தில் கூலிக்குப் போகும் ஒருவரிடம் அன்றைக்குக் கிளினிக் வா என்றால் வருவாரா?

இனித்தான் முக்கியமான இடம். குளிசை பாதி வேலைதான் செய்யும். மற்றப் பாதி ஒரு பயிற்சி. பயப்படும் பொருளை வேண்டுமென்றே தொட வேண்டும், பிறகு கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறும், தானாகவே இறங்கும். மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் லண்டனில் இதை எழுதினார். இன்றுவரை ஓசிடிக்கு இதற்கு மிஞ்சிய பேச்சுச் சிகிச்சை இல்லை. வழக்கமாக 12 முதல் 20 அமர்வு. கனடாவிலிருக்கும் என் மச்சான் விசாரித்தான், உளவியலாளரிடம் ஓர் அமர்வுக்கு 200 டொலரைத் தாண்டுமாம். இருபது அமர்வைப் பெருக்கிப் பாருங்கள்.

எனக்கு அதற்கான பொருட்செலவு என்ன தெரியுமா? ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு வடையும். பஸ்ஸில் எல்லோரும் பிடிக்கும் கம்பியை உள்ளங்கை பட இறுக்கிப் பிடித்துக்கொண்டு பரந்தன் சந்தி வரை போக வேண்டும். மிச்சக் காசைக் கையில் வாங்க வேண்டும். இறங்கி அதே கையால் வடையைத் தின்ன வேண்டும். முதல் நாள் அந்த வடை தொண்டையில் இறங்கவில்லை, வியர்த்துக் கொட்டியது. பிறகு பிறகு அதில் உப்புக் குறைவு என்று சொல்லுமளவுக்கு வந்தேன்.

வீட்டாருக்கும் பயிற்சி உண்டு. இரவில் நான் "அம்மா, கடையைப் பூட்டினேனா?" என்று கேட்பேன். "பூட்டிவிட்டாய், அப்பன்" என்பார். திரும்பக் கேட்பேன், திரும்பச் சொல்வார். அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி என்று கிளினிக்கில் எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார்கள். இப்போது அம்மா "அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன், அப்பன்" என்கிறார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கும் அது லேசான வேலையல்ல.

வடைக்குக் காசு எல்லோரிடமும் இருக்கிறது. பக்கத்தில் இருந்து வாராவாரம் அதைச் செய்விக்கத் தெரிந்த ஆள்தான் இங்கே அரிது. கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும்போது வைத்தியர் எத்தனை நிமிடம் ஒருவரோடு இருப்பார்? எனக்கு அப்படியொருவர் வாய்த்தார், அவருக்கும் இடமாற்றம் வந்துவிட்டது. வெளிநாட்டு உறவுகளே, கோயிலுக்கு மண்டபம் கட்டக் காசு சேர்க்கிறீர்கள், நல்லது. இந்தப் பயிற்சியைப் படித்த தமிழ் பேசும் ஒருவரை மாதச் சம்பளத்தில் ஒரு பிரதேசத்துக்கு வைப்பதைப் பற்றியும் உங்கள் ஊர்ச் சங்கத்தில் பேசிப் பாருங்கள்.

உள்ளூரில் பார்ப்பவர்களுக்கு: தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். கிளினிக்குக்குப் போகும்போது என்ன செய்கிறீர்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் அதற்குப் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாய் வராவிட்டால் தாளை நீட்டுங்கள். "குளிசையோடு பயிற்சியும் தருவீர்களா, யார் தருவார்கள்?" என்று கேளுங்கள். அடகில் இருந்த காப்பு மீண்டதா என்று அக்காவின் சிநேகிதிகள் கேட்டிருந்தீர்கள். இன்னும் இல்லை, வட்டி மட்டும் கட்டிவருகிறேன்.