ஒற்றை ஆளால் ஆகாத வேலை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, முன்வரிசையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தைச் சேர்த்து வைப்பது கைவேலையும் வீட்டுப் பலகாரமுமா, கடைப் பலகாரமும் வெளியூர்ப் பயணமுமா? இதுதான் தலைப்பு. நான் முதல் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் கைதட்டல் வாங்கினார். "கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும்போது அடுப்படியில் எதற்கு வேக வேண்டும்? அந்த நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாமே?" என்றார். "பெருமை பேசுவது வீடு முழுக்க, வேகுவது மட்டும் அம்மாவா?" என்றார். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குக் கட்டாயம் வருகிறேன்.

முதலில் அந்த 'உட்கார்ந்து பேசலாமே'. 14 வயதுப் பையனைக் கூப்பிட்டு, "வாப்பா, உட்கார், பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். "ம்" என்பான். "சொல்லுங்க" என்பான். அதற்கு மேல் வராது. அதே பையன் கையில் ஒரு மூங்கில் தப்பையைக் கொடுத்து, "நான் கட்டி முடிக்கிற வரைக்கும் ஆடாம பிடி" என்று சொல்லுங்கள். மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் பள்ளிக்கூடக் கதை தானாக வரும். முகத்துக்கு முகம் பார்த்தால் வராத பேச்சு, இரண்டு பேரும் ஒரே முடிச்சைப் பார்க்கும்போது வந்துவிடுகிறது நடுவர் அவர்களே.

டிசம்பர் பிறந்தால் சாந்தோம், பெரம்பூர் பக்கம் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். அட்டை நட்சத்திரம் கடையில் மடித்தே கிடைக்கிறது. பிரித்தால் முடிந்தது வேலை. மூங்கில் நட்சத்திரம் அப்படி இல்லை. 2 அடி நீளத்தில் ஒரே கனமான தப்பை 10 வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலிருந்தும் 9 அங்குலமும் ஒரு நூலும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கும், அளந்து பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பேனாவை எடுக்காமல் நட்சத்திரம் வரைகிற மாதிரி ஐந்து தப்பையை அடுக்கி, முதலில் ஐந்து முனைகளைக் கட்டுங்கள். உள்ளே தப்பையும் தப்பையும் குறுக்கே போகிற ஐந்து இடத்திலும் அந்தப் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் ஐந்து கொம்பும் ஒரே அளவு. கோடு விலகினால் முனைக் கட்டு நழுவியிருக்கிறது என்று அர்த்தம். அவிழ்த்துத்தான் கட்ட வேண்டும்.

இதேபோல இன்னொரு சட்டம். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே குறுக்குவெட்டு விழும் ஐந்து இடத்திலும் 4 அங்குலக் குச்சி ஒன்றைச் செருகினால் நட்சத்திரம் உப்பி எழும்பும். இந்த இடத்தில்தான் இரண்டாவது ஆள் இல்லாமல் முடியாது. முதல் குச்சியைச் செருகியதும் எதிர்ப்பக்கம் திமிறிக்கொண்டு வரும். ஒருவர் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் நூலைச் சுற்ற வேண்டும். கணுவைச் சீவாமல் விட்ட தப்பை ஒன்று கலந்திருந்தால், அந்தப் பக்கம் மட்டும் வளையாமல் நின்று நட்சத்திரமே கோணிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள். சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் உருண்டை உருண்டையாகத்தான் வரும். சுவரொட்டிக்காரர்கள் போல மயில்துத்தம் கலக்க வேண்டாம், பிள்ளைகள் கைபடும் வேலை. முன்னும் பின்னும் காற்றாடிக் காகிதம், பக்கவாட்டில் 10 சின்ன முக்கோணம். அதில் ஒன்றை ஒட்டாமல் விட்டால் அதுதான் பல்பு போகிற வழி. எல்இடி பல்பு மட்டும் போடுங்கள். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும். மார்கழிப் பனியில் காகிதம் தொய்ந்துவிடும் என்பதால் சன்ஷேடுக்கு அடியில் தொங்குவது நல்லது.

அடுத்து பலகாரம். பட்டியல் போட நேரமில்லை. ஒன்றே ஒன்று, அச்சு முறுக்கு. பச்சரிசி மாவு 2 டம்ளர், மைதா அரை டம்ளர், பொடித்த சர்க்கரை முக்கால் டம்ளர், முட்டை ஒன்று, கொஞ்சம் எள், ஒரு சிட்டிகை உப்பு. கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். சர்க்கரையைக் கூட்டாதீர்கள். கூட்டினால் உள்ளே வேகும் முன்பே வெளியே சிவந்து, எண்ணெயிலேயே உடையும்.

அச்சு புதிது என்றால் முதல் நாள் இரவு கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் முதல் ஐந்தாறு முறுக்கு அச்சை விட்டுக் கழலவே கழலாது. பிறகு அச்சை எண்ணெயிலேயே வைத்துக் காயவிட்டு, எடுத்து, எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் அச்சைப் பூட்டிக்கொள்ளும். கத்தி வைத்துத்தான் கீற வேண்டியிருக்கும். மாவில் வைத்ததும் 'சுர்' என்று மெல்லிய சத்தம் வந்து மாவு ஒட்டினால் சூடு சரி. சத்தமே இல்லாமல் வழுக்கி விழுந்தால் அச்சு காயவில்லை. தொட்டதும் வெந்து, மாவுக் கிண்ணத்திலேயே உதிர்ந்தால் அளவுக்கு மேல் காய்ந்திருக்கிறது. அரை நிமிடம் ஆறவிட வேண்டும்.

இப்போது ஆட்களை எண்ணுங்கள். முக்குவதற்கு ஒருவர். கழன்று விழுந்ததைத் திருப்பி எடுத்துத் தீயைப் பார்த்துக்கொள்ள ஒருவர். எடுத்ததை ஒன்றின்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்ப ஒருவர். 10 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைகள் அடுப்புப் பக்கமே வேண்டாம், அவர்களுக்கு டப்பா வேலை இருக்கிறது. முழுக்க ஆறியபிறகு அடுக்குவது. சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி, மறுநாளே நமத்துப் போகும். டிசம்பரில் நம் சென்னைக் காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கிறது, நாம் வேறு சேர்க்க வேண்டாம்.

கோலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி. நடு வரிசையை முதலில் வைக்க வேண்டும், அது சாய்ந்தால் எட்டாவது வரிசைக்குள் எல்லாமே சாயும். மொத்தம் எத்தனை புள்ளி என்று பிள்ளையைக் கேளுங்கள். நடுவில் 15, மேலே 14 முதல் 8 வரை, கீழேயும் அதேபோல. 169. விடுமுறையில் கணக்குப் புத்தகத்தைத் தொடாத பிள்ளை இதை வாசலில் குந்தி உட்கார்ந்து கூட்டும். அடுக்குமாடி வாசலில் டைல்ஸ் தரை என்றால் தண்ணீர் தேங்காமல் ஒருமுறை துடைத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே போடுங்கள். தேங்கினால் பொடி கரைந்து கோடு பரவும், முழுக்கக் காய்ந்தால் காற்றில் போகும்.

இப்போது எதிரணித் தலைவரின் இரண்டாவது கேள்வி. ஊறவைப்பதும் அம்மா, கரைப்பதும் அம்மா, பொரிப்பதும் அம்மா, கடைசியில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பதும் அம்மா என்றால், அந்த வீட்டைப் பொறுத்தவரை எதிரணி ஜெயித்துவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் கடையில் வாங்குவதுதான் நியாயம், இதை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேலையின் குற்றமா, பங்கு போடாத நம் குற்றமா? அச்சு முறுக்குக்கு மூன்று ஜோடிக் கை வேண்டும் என்று அந்த வேலையே கேட்கிறது. ஒருவர் தலையில் கட்டியது நாம்தான் நடுவர் அவர்களே.

அதனால் எண்ணெய் காய்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். தேங்காய் துருவிப் பால் பிழிவது அப்பா. மாவு சலித்துக் கரைப்பது பெரிய பிள்ளை. பொரிப்பதில் அம்மா ஒரு முறை, அப்பா ஒரு முறை. சட்டி தேய்ப்பது, தரை துடைப்பது யார் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் விட்ட வேலைதான் எப்போதும் அம்மாவிடம் போய்ச் சேருகிறது. மீந்த எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி எடுத்து வையுங்கள், தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்கும் ஒரு ஆள் பெயர் வேண்டும்.

பயணத்தை நாங்கள் தடுக்கவில்லை. நட்சத்திரத்துக்கு இரண்டு சாயங்காலம், ஒன்று கட்ட, ஒன்று ஒட்ட. அச்சு முறுக்குக்கு ஒரு காலைப்பொழுது. கோலத்துக்கு விடியலில் அரை மணி. விடுமுறையில் மிச்ச நாளெல்லாம் உங்களுடையது. மெரினாவுக்கும் போங்கள், வண்டலூருக்கும் போங்கள். போகும்போது அந்த டப்பாவில் இருந்து ஆளுக்கு இரண்டு முறுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று எதிரணி நண்பர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.