262-வது ஆள்: என்எஃப்எல் டிராஃப்ட்டை ஏன் யாராலயும் கணிக்க முடியல?

[திரையில்: 3 / 262]

என்எஃப்எல்னா அமெரிக்கன் ஃபுட்பாலோட தொழில்முறை லீக். டிராஃப்ட்னா, காலேஜ்ல இருந்து வர்ற வீரர்களை டீம்கள் முறை வச்சு ஒவ்வொருத்தரா எடுக்கிறது. அப்படி எடுக்கிற ஒரு வாய்ப்புதான் 'பிக்'.

2021. அமெரிக்கன் ஃபுட்பால்ல சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் டீம் ஒரே ஒரு பையனுக்காக மூணு வருஷத்து முதல் ரவுண்டு பிக், கூடவே ஒரு மூணாவது ரவுண்டு பிக், எல்லாத்தையும் மயாமிக்குக் கொடுத்து 3-வது இடத்துக்கு ஏறினாங்க. அந்தப் பையன் ட்ரே லான்ஸ், குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர். அடுத்த வருஷம் அதே கோச், அதே மேனேஜர், அதே பொசிஷன். டிராஃப்ட்டோட கடைசி ஆளா, 262-வது இடத்துல ப்ராக் பர்டியை எடுத்தாங்க. கடைசியா எடுக்கிறவருக்கு அங்க பட்டப்பேரே 'மிஸ்டர் இர்ரெலவன்ட்'. அதாவது, எதுக்கும் சம்பந்தமில்லாத ஆள்.

லான்ஸ் அந்த டீமுக்காக ஆரம்பத்துலயே களமிறங்கினது மொத்தம் 4 மேட்ச். பர்டி 2024 பிப்ரவரியில டீமை சூப்பர் பௌல், அதாவது லீக்கோட இறுதிப் போட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போனார். 2025-ல 5 வருஷத்துக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம். இது எப்படி நடக்குது? வாங்க, பார்ப்போம்.

அடிப்படையை வேகமா முடிச்சிடலாம். 32 டீம், 7 ரவுண்டு, வருஷத்துக்கு 250-க்கு மேல வீரர்கள். போன சீசன்ல மோசமா ஆடின டீமுக்கு முதல் வாய்ப்பு. ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது; உங்க முறை வர்ற வரைக்கும் அந்த ஆள் மிச்சம் இருக்கணும். 1936-ல ஆரம்பிச்ச முறை இது. அந்த முதல் டிராஃப்ட்ல முதல் ஆளா எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் ஒரு மேட்ச் கூட ஆடாம வேற வேலை பார்க்கப் போயிட்டார்.

இனி, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. டிராஃப்ட்டுக்கு முன்னாடி ஆயிரம் பேர் கணிப்பு போடுவாங்க. முதல் நாலஞ்சு இடம் ஓரளவு சரியா வரும், அப்புறம் சரிய ஆரம்பிக்கும். ஏன்னா 32 டீம்கிட்டயும் 32 வெவ்வேற பட்டியல் இருக்கு. எட்டாவது டீம் எதிர்பாராத ஒருத்தரை எடுத்தா, ஒன்பதாவது டீமுக்கு நினைச்சே பார்க்காத ஆள் கிடைப்பார். அவங்க அவரை எடுத்தா பத்தாவதோட திட்டம் மாறும். சீட்டுக்கட்டு வீடு மாதிரி, ஒண்ணைத் தொட்டா அத்தனையும் ஆடும்.

[திரையில்: கடிகாரம், 15:00]

2003-ஐப் பாருங்க. அப்போ முதல் ரவுண்டுல ஒரு டீமுக்கு 15 நிமிஷம். 7-வது பிக் மின்னசோட்டா வைக்கிங்ஸ் கையில. பால்டிமோர் ரேவன்ஸுக்கு பைரன் லெஃப்ட்விச் அப்படிங்கிற குவாட்டர்பேக் வேணும். வைக்கிங்ஸ் 10-க்கு இறங்குறது, ரேவன்ஸ் 7-க்கு ஏறுறதுன்னு பேச்சு முடிஞ்சது. ஆனா ஒரு ட்ரேட் செல்லணும்னா ரெண்டு டீமும் தனித்தனியா லீக் மேஜைக்குத் தகவல் சொல்லி உறுதிப்படுத்தணும். ஒரு பக்கம் உறுதி ஆச்சு, மறுபக்கம் ஆகல. கடிகாரம் பூஜ்ஜியம்.

நேரம் முடிஞ்சா பிக் பறிபோகாது. ஆனா அடுத்த டீம் குறுக்கே புகுந்து எடுத்துக்கலாம், உங்க பேரைக் கொடுக்கிற வரைக்கும் நீங்க பின்னாடி போயிட்டே இருப்பீங்க. அடுத்த டீமான ஜாக்சன்வில் உடனே பேர் எழுதின கார்டை நீட்டிட்டாங்க. யார் பேரு? லெஃப்ட்விச்! பின்னாடியே கரோலைனா ஜோர்டன் கிராஸை எடுத்தாங்க. 7-ல இருந்த வைக்கிங்ஸுக்கு 9-வது இடத்துலதான் மூச்சு வந்துச்சு. நேரலையில இது மானம் போற விஷயம்.

ஆனா அவங்க எடுத்தது கெவின் வில்லியம்ஸ். அஞ்சு தடவை லீக்கோட சிறந்த அணிக்குத் தேர்வானவர், 11 சீசன் அதே டீம்ல தூண் மாதிரி நின்னவர். லெஃப்ட்விச்சைக் கோட்டை விட்ட ரேவன்ஸ் 10-ல டெரல் சக்ஸை எடுத்தாங்க. 2011-ல லீக்கோட சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான். எல்லாரும் துரத்தின லெஃப்ட்விச்? 2007 சீசனுக்கு முன்னாடியே ஜாக்சன்வில் அவரை விடுவிச்சிட்டாங்க. சொதப்பின ரெண்டு டீமும் ஜெயிச்சாங்க, லெஃப்ட்விச்சுக்காக ஓடின ஜாக்சன்வில் தோத்தாங்க. இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இது தனியா நடந்த அதிசயமும் இல்ல. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர்னு ரெண்டு ஆய்வாளர்கள் பல வருஷ டிராஃப்ட்டைப் பிரிச்சுப் பார்த்தாங்க. ஒரே பொசிஷன்ல அடுத்தடுத்து எடுக்கப்பட்ட ரெண்டு பேர்ல, முன்னாடி எடுக்கப்பட்டவர் நல்லா ஆடுற வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேல, 52, 53 சதவீதம். காசு சுண்டுறதை விட ஒரு நூல் மேல, அவ்வளவுதான். ஆனா டீம்கள் அந்த ஒரு நூலுக்கு என்ன விலை கொடுக்குது? எந்த பிக்குக்கு எவ்வளவு மதிப்புன்னு சொல்ற பட்டியல் 1990-கள்ல டல்லஸ் டீம்ல பிறந்துச்சு; அதுல முதல் பிக் 3000 புள்ளி, ரெண்டாவது 2600, மூணாவது 2200. 2017-ல சிகாகோ 3-ல இருந்து 2-க்கு ஒரே ஒரு படி ஏற மூணு பிக் கூடுதலா கொடுத்து குவாட்டர்பேக் மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தாங்க. பின்னாடி பல சூப்பர் பௌல் ஜெயிச்ச குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 10-வது வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். என் கருத்து தெளிவா இருக்கு: ஒரு ஆளுக்காக மேல ஏறாதீங்க, கீழ இறங்கி பிக்கைக் கூட்டுங்க. ஒரு லாட்டரிச் சீட்டுக்கு நாலு சீட்டு நல்லது.

காலேஜ்ல ஆடினதை வச்சு ஏன் கணிக்க முடியல? ஒரு சின்ன உதாரணம். மைதானத்துல பந்து வைக்கிற கோடுகளுக்கு நடுவுல காலேஜ்ல 40 அடி, என்எஃப்எல்ல பதினெட்டரை அடி. காலேஜ்ல பந்து ஒரு ஓரமா இருந்தா மறுபக்கம் பெரிய வயல்வெளி. தொழில்முறை ஆட்டத்துல அந்த இடம் கிடையாது, இடைவெளி திறக்கிறதுக்கு முன்னாடியே பந்தை எறியணும். அதை நெட்டோட்ட நேரம் சொல்லாது. பின்னாடி ஏழு சூப்பர் பௌல் ஜெயிச்ச குவாட்டர்பேக் டாம் பிரேடி 40 கஜத்தை 5.28 வினாடியில ஓடினார். அந்தப் பொசிஷனுக்கே மெதுவான ஓட்டம். 2000-ல 199-வது இடம்.

ஆனா என்னை நிஜமா உறுத்துறது வேற. பிரேடிக்கு வாய்ப்பு வந்தது 2001-ல ட்ரூ பிளெட்சோ அடிபட்டதால. டிராஃப்ட்லயே எடுக்கப்படாம, பின்னாடி சூப்பர் பௌல் ஜெயிச்ச கர்ட் வார்னருக்கு 1999-ல ட்ரெண்ட் கிரீன் முட்டி போனதால. பர்டிக்கு முன்னாடி ரெண்டு பேர்: 2022 செப்டம்பர்ல லான்ஸ் கணுக்கால், டிசம்பர்ல அதே டீமோட இன்னொரு குவாட்டர்பேக் கரோப்போலோ பாதம். முதல் ரவுண்டு ஆள் நாலு மேட்ச் சொதப்பினாலும் அஞ்சாவது கொடுப்பாங்க. கடைசி ரவுண்டு ஆளுக்கு இன்னொருத்தர் எலும்பு உடையணும். அப்படின்னா பெஞ்சுலயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன எத்தனை பர்டிகளை நாம பார்க்கவே இல்ல? கமெண்ட்ல சொல்லுங்க, உங்களுக்கு யார் ஞாபகம் வர்றாங்க?

[திரையில்: 12]

போறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. லான்ஸுக்காகக் கொடுத்த அந்த 2021 பிக், 12-வது இடம். அது மயாமிக்குப் போய், அங்கிருந்து ஃபிலடெல்ஃபியா, அங்கிருந்து டல்லஸ். டல்லஸ் அதுல எடுத்த ஆள், பின்னாடி தடுப்பாட்டத்துல பெரிய நட்சத்திரமான மைக்கா பார்சன்ஸ். 2023 ஆகஸ்ட்ல லான்ஸை ஒரு நாலாவது ரவுண்டு பிக்குக்கு வாங்கினதும் அதே டல்லஸ்தான்.