மோதிரத்தின் உள்பக்கம்: அறிவியல் புனைகதையின் ரகசிய நகைகள்

(திரையில்: ஒரு மேசை. கைப்பேசி, கைக்கடிகாரம், பை ஆகியவை ஒவ்வொன்றாக அதன்மீது வைக்கப்படுகின்றன.)

கதையில் நாயகி மாட்டிக்கொள்கிறாள். கைப்பேசியைப் பிடுங்கிவிடுகிறார்கள். கடிகாரம் போகிறது, பை போகிறது, செருப்பைக்கூடக் கழற்றிக் குதிகாலைத் தட்டிப் பார்க்கிறார்கள். விரலில் மெல்லிய மோதிரம் ஒன்று மட்டும் மிச்சம். காவலன் அதைப் பார்க்கிறான். "அம்மாவுடையது" என்கிறாள். நீட்டிய கையை அவன் இழுத்துக்கொள்கிறான்.

ரகசியக் கருவியை ஒளித்துவைக்கப் பேனா, பொத்தான், பல் என்று எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. ஆனாலும் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப நகையிடமே வருகிறார்கள். அந்தக் காவலனின் தயக்கம்தான் காரணம். நகை எல்லார் கண்ணிலும் படுகிறது. ஆனால் எதற்காக இது என்று யாரும் கேட்பதில்லை. அழகுக்கு, நினைவுக்கு, உறவுக்கு என்று பதிலையும் பார்க்கிறவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

(திரையில்: கல் பதித்த மோதிரம். கல் மெதுவாக உள்ளங்கைப் பக்கம் திரும்புகிறது.)

இது மிகப் பழைய யோசனை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் இப்படி ஒரு மோதிரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். லிடியா நாட்டு இடையன் ஒருவன், நிலநடுக்கத்தில் பிளந்த பூமிக்குள் இறங்குகிறான். அங்கே கிடக்கும் பிணத்தின் விரலிலிருந்து ஒரு தங்க மோதிரத்தை எடுத்துக்கொண்டு வருகிறான். பிறகு ஒருநாள் மற்ற இடையர்களோடு உட்கார்ந்திருக்கும்போது சும்மா அதைத் திருகுகிறான். மோதிரத்தின் முகப்பு உள்ளங்கைப் பக்கம் வந்ததும், அவன் எழுந்து போய்விட்டதாக நினைத்து மற்றவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். வெளிப்பக்கம் திருப்பினால் மறுபடியும் கண்ணுக்குத் தெரிகிறான்.

அவன் மறைந்துபோவதைவிட எனக்குப் பிடித்தது அந்தத் திருகல்தான். ஏதோ யோசனையில் இருக்கிற எவரும் மோதிரத்தைத் திருகுவார்கள். கருவியை இயக்கும் அசைவு அப்படித்தான் பழக்கதோஷம் போலத் தெரிய வேண்டும். 1987-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில், மார்பில் குத்திய சின்னத்தைத் தட்டியதும் தொலைவில் இருப்பவரோடு பேச முடியும். அங்கே அது என்ன கருவி என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பட்டென்று தட்டலாம். ரகசிய நகைக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, இப்போது கஷ்டமான கேள்வி. இதற்கெல்லாம் சக்தி எங்கிருந்து வரும்?

(திரையில்: 20 மில்லியாம்பியர்-மணி × 3.7 வோல்ட் = சுமார் 266 ஜூல்)

இன்று கடையில் வாங்கக்கூடிய ஸ்மார்ட் மோதிரங்களுக்குள் இருக்கும் பேட்டரி ஏறக்குறைய 20 மில்லியாம்பியர்-மணிதான். ஆற்றலை அளக்கும் ஜூலில் கணக்குப் போட்டால் சுமார் 266. 70 கிலோ எடையுள்ள ஒருவரைத் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரம் தூக்கக்கூட இது போதாது. ஆக, மோதிரத்திலிருந்து பாய்ந்து இரும்புக் கதவை அறுக்கும் லேசர் என்று எழுதினால், அந்த பேட்டரி எப்படிப்பட்டது என்றும் எழுதியாக வேண்டும். ஆனால் இதே 266 ஜூலை ஒரு வாரத்துக்குப் பரப்பினால், எந்நேரமும் அரை மில்லிவாட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். நாடித்துடிப்பை அவ்வப்போது அளக்க, அசைவைக் கவனிக்க, குறிப்பெடுத்து வைக்க அது போதும். நகை அடிக்கிற ஆயுதமாக இருப்பதைவிட, கவனிக்கிற சாட்சியாக இருப்பதுதான் இயற்பியலுக்கு ஒத்துவருகிறது.

எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிமேட்டரை, அடைத்துவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஒரு மைக்ரோகிராம் எதிர்ப்பொருள் அதே அளவு பொருளோடு சேர்ந்து அழிந்தால் சுமார் 18 கோடி ஜூல் வெளிவரும். அது 40 கிலோவுக்கும் அதிகமான டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அடைப்பு ஒருமுறை தவறினால் கதையை அதற்கு மேல் சொல்ல நாயகி இருக்க மாட்டாள். அவ்வளவு ஆபத்தை விரலில் மாட்டிக்கொண்டு ஒருத்தி தூங்கி எழுகிறாள் என்றால், அந்தத் துணிச்சலே ஒரு கதைதான்.

வெப்பத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 44 டிகிரி செல்சியஸில் இருக்கும் உலோகம் பல மணி நேரம் தோலை ஒட்டியிருந்தாலே புண்ணாகும். நகைக்குள் என்ன நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்வது விரல்தான்.

(திரையில்: மரத்தில் செதுக்கிய கழுகுச் சின்னம். வெளியிலிருந்து அலைகள் அதை நோக்கி வருகின்றன.)

பேட்டரிக்கு ஓர் அழகான மாற்றுவழி உண்மையிலேயே நடந்திருக்கிறது. 1945-இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதர் ஆவெரல் ஹாரிமனுக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது தூதரின் இல்லத்துச் சுவரிலேயே தொங்கியது. உள்ளே சோவியத் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி. அதில் பேட்டரியும் இல்லை, மின்கம்பியும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன்மீது பாய்ச்சும்போது மட்டும் அது வேலை செய்யும். அறைப் பேச்சில் அதன் மெல்லிய தகடு அதிர, திரும்பி வரும் அலையில் அந்தப் பேச்சு பதிந்திருக்கும். மற்ற நேரத்தில் வெறும் அலங்காரப் பொருள். 1952-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இதைக் கழுத்துப் பதக்கமாகச் சுருக்கிப் பாருங்கள். வெறுமனே இருக்கும்போது எந்த அலையையும் அது வெளியிடாது. சோதனைக் கருவி வைத்துத் தேடினாலும் சிக்குவது கடினம். ஆனால் எங்கோ ஒருவர் அலையைப் பாய்ச்சியாக வேண்டும். அந்த ஆள் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், அவரை நம்பலாமா என்பதெல்லாம் கதைக்குள் தானாக வந்துவிடுகின்றன.

மோதிரம் என்றால் உள்பக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். விரலின் ரத்தக்குழாய்கள் தோலுக்கு மிக அருகே ஓடுகின்றன. உள்பக்கத்திலிருந்து சிறு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே இன்றைய மோதிரங்கள் துடிப்பை எண்ணுகின்றன. அப்படியானால் மோதிரத்துக்கு அணிந்திருப்பவர் பயப்படுவது தெரியும், தூங்குவது தெரியும், தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்பதும் தெரியும். முழுக்க உலோகத்தால் செய்தால் ரேடியோ அலை தடைபடும் என்பதால் நிஜ மோதிரங்களின் உள்பக்கம் பெரும்பாலும் பிசின் பூச்சுதான். கூர்ந்து பார்க்கிற எதிரி ரகசியத்தைக் கண்டுபிடிக்க அது போதும்.

கழுத்தணிக்கு வேறு வசதி. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் தொண்டையில் அணிந்த மைக், காற்றில் வரும் ஒலியை விட்டுவிட்டுத் தொண்டையின் அதிர்வை நேரடியாக வாங்கிக்கொண்டது. என்ஜின் இரைச்சலிலும் பேச்சு கேட்டது.

(திரையில்: வைரக்கல்மீது பச்சை ஒளி. கல் சிவப்பாக ஒளிர்கிறது.)

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. கல்லே கருவியாக இருக்கலாம். வைரம் கார்பன் அணுக்களின் அடுக்கு. அதில் ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்து, அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், அந்தக் குறை பச்சை ஒளியை வாங்கிச் சிவப்பு ஒளியைத் தரும். அதோடு நுண்ணலையையும் செலுத்தினால், அதன் அதிர்வெண் 2.87 கிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது சிவப்பு மங்கும். பக்கத்தில் காந்தப்புலம் இருந்தால் மங்கும் அதிர்வெண் இரண்டாகப் பிரிந்து நகரும். அறை வெப்பநிலையிலேயே இது நடக்கிறது; ஆய்வகங்களில் காந்தப்புலத்தை அளக்க இப்படித்தான் வைரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்போது நாயகியின் மோதிரத்துக்குள் சில்லு, கம்பி, பேட்டரி எதுவுமே வேண்டாம். பிரித்துப் பார்த்தாலும் வைரம்தான் கிடைக்கும். மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப்புலம் இருக்கும். சுவருக்குப் பின்னால் மின்சாரம் ஓடுகிறதா என்று அந்தக் கல்லிடம் கேட்க, பச்சை விளக்கும் நுண்ணலை மூலமும் வெளியிலிருந்து வர வேண்டும். அவை யாரிடம் இருக்கின்றன என்பதை, மோதிரத்தை அவள் விரலில் மாட்டும் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.